அம்பின் வாலைப் பாருங்கள்

(ஒரு கல்லூரியின் வேதியியல் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கரிம வேதியியல் பேச ஒருவனை அழைப்பதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். உங்கள் மன்றச் செயலாளருக்கு அது நிறையவே இருக்கிறது. தூக்கம் வருகிறவர்கள் தாராளமாகத் தூங்கலாம், குறட்டை மட்டும் வேண்டாம். விழித்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேனா வேண்டாம். அழிக்க வேண்டியிருக்கும். நான் பேசப்போவது காதால் கேட்டு முடிகிற விஷயம் இல்லை, கையால் வரைந்து பார்க்கிற விஷயம். அதனால்தான் இந்த மேடைக்கு ஒரு கரும்பலகையைத் தூக்கிவரச் சொன்னேன்.

பாடநூல் அதை வினைவழிமுறை என்கிறது. வராந்தாவில் நாம் எல்லோரும் மெக்கானிசம் என்கிறோம். 'சார், நாளைக்குத் தேர்வுக்கு எந்தெந்த மெக்கானிசம் வரும்?' இந்தக் கேள்வியை நான் ஆசிரியராக இருந்த காலமெல்லாம் கேட்டேன். கேட்ட பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. ஏனென்றால் அதே கேள்வியை நானும் என் ஆசிரியரிடம் கேட்டவன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். பி.எஸ்ஸி. இறுதியாண்டு வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர், மெலிந்த மனிதர், குரலை உயர்த்தாதவர். எஸ்டரின் நீராற்பகுப்பை எழுதச் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் மகிழ்ச்சி. முந்தின இரவு பத்து முறை எழுதிப் பார்த்தது அது. கடகடவென்று எழுதினேன். அம்புகள் எல்லாம் அழகாக வளைந்திருந்தன. கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தது பலகை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு முதல் அம்பைக் காட்டி, 'தம்பி, இது எங்கேயிருந்து புறப்படுது?' என்றார். நான் அம்பின் கூரான முனையைக் காட்டி, 'கார்பனுக்குப் போகுது சார்' என்றேன். 'போய்ச் சேர்ற இடம் தெரியுது. புறப்படுற இடத்தைக் கேட்டேன்.'

அப்போதுதான் பார்த்தேன். என் அம்பின் வால் எதன் மேலும் இல்லை. ஹைட்ராக்சைடுக்கும் எஸ்டருக்கும் நடுவே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தார். 'நீ வரைஞ்சிருக்கிறது அம்பு இல்லப்பா, அலங்காரம்.'

மதிப்பெண் போட்டுவிட்டார், அது வேறு விஷயம். ஆனால் அந்த ஒரு சொல் என்னை விடவில்லை. இன்று உங்களிடம் நான் சொல்ல வந்ததும் அவர் அன்று கேட்டதுதான். அம்பின் தலையை எல்லோரும் பார்க்கிறோம். வாலைப் பாருங்கள்.

வாலில் என்ன இருக்கிறது? எலக்ட்ரான் இருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்கள், ஒரு சோடி. 1916இல் அமெரிக்காவின் கில்பர்ட் லூயிஸ், இரண்டு அணுக்கள் ஒரு சோடி எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுக்கொள்வதுதான் சகப்பிணைப்பு என்று எழுதினார். இன்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. அன்று அது பெரிய திறப்பு. அதுவரை கரிம வேதியியலார் இரண்டு அணுக்களுக்கு நடுவே ஒரு கோடு போட்டார்கள். கோடு என்றால் என்ன என்று யாராலும் சொல்ல முடியவில்லை. லூயிஸுக்குப் பிறகு கோடு என்றால் இரண்டு எலக்ட்ரான். கோட்டுக்குப் பொருள் கிடைத்துவிட்டது. கோடு உடைகிறது என்றால் அந்த இரண்டும் எங்கோ போகின்றன. கோடு உண்டாகிறது என்றால் அந்த இரண்டும் எங்கிருந்தோ வருகின்றன. அந்தப் போக்கையும் வரவையும் காட்டுகிற குறிதான் வளைந்த அம்பு.

ஆகவே வால் இரண்டு இடங்களில்தான் இருக்க முடியும். ஒன்று, ஓர் அணுவின் மேல் பிணைப்பில் சேராமல் கிடக்கும் தனித்த இரட்டை எலக்ட்ரான். மற்றொன்று, ஏற்கெனவே இருக்கும் ஒரு பிணைப்பு. மூன்றாவது இடம் கிடையாது. வெற்றிடத்தில் கிடையாது. நேர்மின் சுமையின் மேல் கிடையாது.

ஆனால் விடைத்தாள்களில் நான் அதிகம் கண்ட பிழை எது தெரியுமா? ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பு புறப்படுவது! எச் பிளஸ். அதனிடம் என்ன இருக்கிறது? ஒரே ஒரு புரோட்டான். எலக்ட்ரான் ஒன்றுகூட இல்லை. வெறுங்கை முழம் போடுமா? இல்லாத எலக்ட்ரானை அது எங்கே அனுப்பும்? மாணவர் மனத்தில் ஓடுவது என்னவென்றால், 'எச் பிளஸ் போய் ஆக்சிஜனோடு ஒட்டிக்கொள்கிறது' என்ற காட்சி. அணு நடந்து போகிற வழியை அம்பாக வரைந்துவிடுகிறார். வளைந்த அம்பு அணு நடக்கும் பாதையைக் காட்டுவதில்லை. எலக்ட்ரான் சோடி போகும் போக்கைக் காட்டுகிறது. ஆக்சிஜன்தான் தன் சோடியை நீட்டிப் புரோட்டானைப் பிடிக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள் நம் பெரியவர்கள். வேதியியலில் எய்தவனைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அவன் எப்போதும் எலக்ட்ரான் வைத்திருப்பவன்.

இப்போது பலகைக்கு வருவோம். நான் தோற்ற அதே எஸ்டரை எடுத்துக்கொள்கிறேன். அமைல் அசிட்டேட். பழ வாசனை வீசும் திரவம். ஆய்வகத்தில் மூடியைத் திறந்தாலே பக்கத்து அறைக்காரர் எட்டிப்பார்ப்பார். அதைச் சோடியம் ஹைட்ராக்சைடுக் கரைசலோடு சேர்த்துச் சூடுபடுத்துகிறோம். வாசனை மெல்ல மாறுகிறது. அசிட்டேட் உப்பும் அமைல் ஆல்கஹாலும் கிடைக்கின்றன.

கார்பனைல் கார்பனை வரையுங்கள். அதற்கும் மேலே உள்ள ஆக்சிஜனுக்கும் இடையே இரட்டைப் பிணைப்பு. ஒரு பக்கம் மெத்தில் தொகுதி. மறுபக்கம் ஆக்சிஜன் வழியாக அமைல் தொகுதி. இப்போது ஹைட்ராக்சைடு வருகிறது. அதன் ஆக்சிஜன் மேல் மூன்று தனித்த சோடிகளையும் புள்ளி வைத்துக் காட்டுங்கள். சோம்பல் படாதீர்கள். புள்ளி வைக்காதவருக்கு வால் வைக்க இடம் தெரியாது.

முதல் அம்பு. வால் எங்கே? அந்தப் புள்ளிகள் இரண்டின் மேல். தலை? கார்பனைல் கார்பனில். ஏன் அந்தக் கார்பன்? இரண்டு ஆக்சிஜன்களும் அதனிடமிருந்து எலக்ட்ரான்களை இழுத்துக்கொண்டிருக்கின்றன. எலக்ட்ரான் பற்றாக்குறையில் நிற்கிற கார்பன் அது. சரி, அம்பு சேர்ந்துவிட்டது. இப்போது அந்தக் கார்பனின் பிணைப்புகளை எண்ணுங்கள். ஐந்து! கார்பனுக்கு ஐந்து கை உண்டா? நாலு பேர் உட்காரும் இருக்கையில் ஐந்தாவது ஆள் ஏறினால் யாராவது எழுந்தாக வேண்டும். எழுவது யார்? இரட்டைப் பிணைப்பின் தளர்ந்த சோடி. ஆகவே இரண்டாவது அம்பு. வால் அந்த இரட்டைப் பிணைப்பில், தலை மேலே உள்ள ஆக்சிஜனில். ஆக்சிஜனுக்கு எதிர்மின் சுமை வருகிறது. தட்டையாக இருந்த கார்பன் நான்முகியாக நிமிர்கிறது. இதுதான் நான்முகி இடைநிலைப்பொருள். மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இதற்குத் திரும்பி வருவேன்.

மூன்றாவது அம்பு. மேலே போன ஆக்சிஜன் தன் சோடியைக் கீழே இறக்குகிறது. வால் அதன் சோடியில், தலை கார்பனுக்கும் அதற்கும் இடையே. இரட்டைப் பிணைப்பு மீள்கிறது. மறுபடி ஐந்து. மறுபடி ஒருவர் இறங்க வேண்டும். நான்காவது அம்பு. வால் கார்பனுக்கும் அமைலாக்சி ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பில், தலை அந்த ஆக்சிஜனில். அமைலாக்சைடு வெளியேறுகிறது. மிஞ்சியது அசிட்டிக் அமிலம். ஆனால் காரக் கரைசலில் அமிலம் எத்தனை நேரம் அமிலமாகவே இருக்கும்? வெளியேறிய அமைலாக்சைடு தன் சோடியை நீட்டி அமிலத்தின் புரோட்டானைப் பறிக்கிறது. அது ஐந்தாவது அம்பு. ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பின் சோடி ஆக்சிஜனோடு தங்குகிறது. அது ஆறாவது. அசிட்டேட் உண்டாகிவிட்டது. அதன் மேல் ஹைட்ராக்சைடு இனிப் பாயாது. எதிர்மின் சுமைக்கு அருகே இன்னொரு எதிர்மின் சுமை ஏன் போகும்? வினை திரும்பாமல் முடிந்துவிட்டது.

ஆறு அம்புகள். ஒவ்வொரு கட்டத்திலும் மொத்தச் சுமையைக் கூட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் மைனஸ் ஒன்று, நடுவில் மைனஸ் ஒன்று, முடிவிலும் மைனஸ் ஒன்று. மளிகைக் கடைக் கணக்கைப் போல இரவில் கல்லாவை எண்ணும்போது ஒரு ரூபாய்கூட இடிக்கக் கூடாது. இடித்தால் எங்கோ ஓர் அம்பு தவறு.

கைத்தட்டாதீர்கள். இனிமேல்தான் விஷயமே இருக்கிறது.

நான் இன்னொரு விதமாக வரையட்டுமா? ஹைட்ராக்சைடு கார்பனைல் கார்பனுக்குப் போகாமல், மறுபக்கம் அமைல் தொகுதியின் முதல் கார்பனைத் தாக்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் ஹைட்ராக்சைடின் சோடியில். தலை அமைல் கார்பனில். அந்தக் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பு உடைந்து அதன் சோடி ஆக்சிஜனோடு போகிறது. இரண்டே அம்புகள். என்ன கிடைத்தது? அமைல் ஆல்கஹால். அசிட்டேட். அதே விளைபொருள்கள்! வால் சரி, தலை சரி, கார்பனுக்கு நாலே பிணைப்பு, சுமைக் கணக்கும் சரி. ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியாது. நண்பர்களே, இலக்கணப் பிழை இல்லாமல் பொய் சொல்ல முடியுமா, முடியாதா? முடியும். இதோ பலகையில் இருக்கிறது.

அப்படியானால் எது மெய்? தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. பென்சிலைப் பார்த்துச் சொல்ல முடியாது. வினையிடமே போய்க் கேட்க வேண்டும். கேட்டார்கள். 1934இல் மைக்கேல் பொலானியும் சபோவும் கேட்டார்கள். சாதாரண ஆக்சிஜனின் நிறை எண் 16. அபூர்வமாக 18 நிறை எண் கொண்ட கனமான ஆக்சிஜனும் உண்டு. குணத்தில் அண்ணன் தம்பி, எடையில் மட்டும் வேறுபாடு. அந்தக் கன ஆக்சிஜன் மிகுந்த நீரில் அமைல் அசிட்டேட்டைக் காரத்தோடு நீராற்பகுத்தார்கள். இப்போது யோசியுங்கள். ஹைட்ராக்சைடு அமைல் கார்பனைத் தாக்கியிருந்தால் கன ஆக்சிஜன் எங்கே போய்ச் சேரும்? ஆல்கஹாலில். கார்பனைல் கார்பனைத் தாக்கியிருந்தால்? அசிட்டேட்டில். ஆல்கஹாலைப் பிரித்து எடுத்துச் சோதித்தார்கள். அதில் கன ஆக்சிஜன் இல்லை. ஆறு அம்பு வென்றது. இரண்டு அம்பு தோற்றது.

சோதனையின் அழகைப் பாருங்கள். அவர்கள் மூலக்கூறைப் பார்க்கவில்லை. அம்பைப் பார்க்கவில்லை. ஒரு கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டார்கள். எந்தப் பிணைப்பு உடைந்தது?

நான்முகி இடைநிலைப்பொருளை மனத்தில் வைக்கச் சொன்னேனே, அதற்கு என்ன ஆதாரம்? ஹைட்ராக்சைடு உள்ளே வரும் அதே கணத்தில் அமைலாக்சைடு வெளியே போய்விட்டது என்று ஒருவர் வாதாடினால் என்ன செய்வோம்? 1951இல் மைரன் பெண்டர் இதற்கு ஒரு வழி கண்டார். அவர் எடுத்தது பென்சாயிக் அமிலத்தின் எஸ்டர்கள். இந்த முறை கன ஆக்சிஜனை நீரில் வைக்கவில்லை. எஸ்டரின் கார்பனைல் ஆக்சிஜனாகவே வைத்தார். சாதாரண நீரில் வினையைத் தொடங்கினார். முடிய விடவில்லை. பாதியில் நிறுத்தினார். வினைபுரியாமல் மிஞ்சிய எஸ்டரை எடுத்துப் பார்த்தார். அதிலிருந்த கன ஆக்சிஜன் குறைந்திருந்தது!

வினைபுரியாத எஸ்டர், ஆனால் அதன் ஆக்சிஜன் மாறியிருக்கிறது. எப்படி? ஹைட்ராக்சைடு உள்ளே வந்து நான்முகியாகி, சற்று நேரம் தங்கி, புரோட்டான் ஓர் ஆக்சிஜனிலிருந்து இன்னோர் ஆக்சிஜனுக்கு இடம் மாறி, வந்தவன் தங்கிக்கொள்ள, வீட்டுக்காரன் வெளியேறியிருக்கிறான். வாசலில் நின்று பேசிவிட்டுப் போன விருந்தாளி என்றால் செருப்பு மாறாது. உள்ளே வந்து உட்கார்ந்திருந்தால்தான் போகும்போது செருப்பு மாறும். இடைநிலைப்பொருள் ஒன்று உயிரோடு இருந்தது என்பதற்கு அந்த மாறிய செருப்பே சாட்சி.

இப்போது சொல்லுங்கள், நான் வாய்மொழித் தேர்வில் கோலம் போட்டேனே, அந்த ஒவ்வொரு வளைவுக்கும் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருந்திருக்கிறது!

இந்த வளைந்த அம்பு எப்போது பிறந்தது? 1922. ராபர்ட் ராபின்சனும் வில்லியம் கெர்மாக்கும் சேர்ந்து எழுதிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றில் அச்சேறியது என்று வரலாற்று எழுத்தாளர்கள் குறிக்கிறார்கள். ராபின்சனை உங்களுக்குத் தெரியும். 1947இல் நோபல் பரிசு பெற்றவர். அம்புக்காக அல்ல, தாவர ஆல்கலாய்டு ஆராய்ச்சிக்காக. கெர்மாக்கை எத்தனை பேருக்குத் தெரியும்? கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லை. அவர் கதையைச் சொல்லாமல் நான் மேலே போக மாட்டேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம்.

கெர்மாக் ஸ்காட்லாந்துக்காரர். எடின்பரோவில் மருத்துவர் கல்லூரியின் ஆய்வகத்தில் வேதியியல் பணி. அம்பு வெளிவந்து இரண்டு ஆண்டு. 1924 ஜூன். தனியாக வேலை செய்துகொண்டிருந்தார். எரிகாரம் வெடித்துச் சிதறியது. இரண்டு கண்களும் போயின. வயது 26. வளைந்த அம்பை உலகுக்குக் கொடுத்த இருவரில் ஒருவர் அதற்குப் பிறகு எந்த அம்பையும் கண்ணால் காணவில்லை. மனிதர் ஓய்ந்துபோனாரா? இல்லை. மனத்துக்குள்ளேயே கணக்குப் போட்டார். காசௌலியில் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி ஊர் திரும்பியிருந்த மெக்கெண்ட்ரிக் என்ற மருத்துவரோடு சேர்ந்து, ஒரு கொள்ளைநோய் எப்படிப் பரவும், எப்போது தணியும் என்று 1927இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டார். கொரோனா காலத்தில் தினமும் தொலைக்காட்சியில் ஏறி இறங்கிய வளைகோடுகளைப் பார்த்தோமே, அந்த வகை மாதிரிகளுக்கெல்லாம் மூதாதை அதுதான். பிற்பாடு அபர்டீனில் உயிர்வேதியியல் பேராசிரியரானார்.

உங்களில் யாராவது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் காரத்தைச் சூடுபடுத்தினால், இந்தக் கிழவன் சொன்ன பெயரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எஸ்டரின் ஆறு அம்புகளைக் கற்றதால் என்ன லாபம்? பத்து மதிப்பெண்ணா? தேங்காயெண்ணெயில் காஸ்டிக் சோடா சேர்த்துச் சோப்பு காய்ச்சுகிறார்களே, அந்த அண்டாவுக்குள் நடப்பது இதேதான். எண்ணெயின் ஒரு மூலக்கூறில் எஸ்டர் இணைப்பு மூன்று, அவ்வளவுதான் வித்தியாசம். ஆஸ்பிரின் மாத்திரையை எடுங்கள். அதுவும் ஓர் எஸ்டர். அது உடலுக்குள் போய், வலிக்கும் காய்ச்சலுக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டின்களை உண்டாக்கும் நொதியைச் சந்திக்கிறது. அந்த நொதியில் செரின் என்ற அமினோ அமிலத்தின் ஆக்சிஜன் ஒன்று காத்திருக்கிறது. வால் எங்கே? செரினின் ஆக்சிஜன் சோடியில். தலை எங்கே? ஆஸ்பிரினின் கார்பனைல் கார்பனில். நான்முகி. பிறகு சாலிசிலிக் அமிலம் வெளியேற்றம். அசிட்டைல் தொகுதி நொதியின் மேல் ஒட்டிக்கொண்டது. நொதியின் வாசல் அடைபட்டது. இரத்தத் தட்டுகளுக்கு உட்கரு கிடையாது. புது நொதி செய்துகொள்ள வழி இல்லை. அந்தத் தட்டு வாழும் ஒரு வாரம், பத்து நாள் வரை அடைத்த வாசல் அடைத்ததுதான். இதய நோயாளிக்குத் தினம் 75 மில்லிகிராம் போதும் என்று மருத்துவர் எழுதுவதற்குப் பின்னால் நம்முடைய ஆறு அம்புகளின் உறவினர்கள் நிற்கிறார்கள்.

பெனிசிலின்? அதில் நாலு மூலை கொண்ட ஒரு வளையம். வளைத்துக் கட்டிய மூங்கில் போல இறுக்கத்தில் இருக்கிற அமைடு. பாக்டீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் நொதியின் செரின் வந்து அந்தக் கார்பனைல் கார்பனைத் தாக்கும்போது வளையம் படாரென்று திறக்கிறது. நொதி சிக்கிக்கொள்கிறது. அதே வால், அதே தலை. பாக்டீரியா சும்மா இருக்குமா? பெனிசிலினை உடைக்கத் தனியாக ஒரு நொதியை வைத்துக்கொண்டது. பலவற்றில் அந்த எதிர்நொதியும் செரினைக் கொண்டே தாக்குகிறது. பிறகு ஒரு நீர் மூலக்கூறு வந்து அதே கார்பனைத் தாக்கி நொதியை விடுவித்துவிடுகிறது. மருந்து வேலை செய்வதும் மருந்து தோற்பதும் ஒரே அம்பு வரிசைதான். கடைசி அம்பு ஒன்று கூடுதலாகப் பாய்கிறதா இல்லையா என்பதில்தான் நோயாளியின் உயிர் நிற்கிறது. நூறு வினைகளை நூறாக மனப்பாடம் செய்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. ஒன்றை வாலோடு கற்றவர் நூறையும் வாசிப்பார்.

இன்னொரு சோதனையைச் சொல்ல எனக்கு ஆசை. இதற்கு முன்வரிசையில் இருக்கும் பத்துப் பேர் உதவ வேண்டும். எழுந்திருங்கள். எல்லோரும் வலப்பக்கம் பார்த்து நில்லுங்கள்.

இவர்கள் பத்துப் பேரும் 2-அயடோ ஆக்டேன் மூலக்கூறுகள். ஒரே கைப்பாங்கு உடையவை, ஒளியை ஒரே திசையில் சுழற்றுபவை. இவர்களைச் சோடியம் அயடைடோடு அசிட்டோனில் விடுகிறோம். அயடைடு வருகிறது, பழைய அயோடின் போகிறது. அயோடினுக்குப் பதில் அயோடின். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்கவில்லை! ஆனால் வருகிற அயோடினில் கதிரியக்க அயோடினைக் கலந்துவிட்டால் எத்தனை பேருக்கு இடமாற்றம் நடந்தது என்று எண்ணலாம். 1935இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எட்வர்ட் ஹியூஸும் உடன் பணியாற்றியோரும் இதைத்தான் செய்தார்கள். கேள்வி என்ன? அயடைடு பின்பக்கமாக வந்து தாக்குகிறதா? அப்படியானால் ஒவ்வொரு தடவையும் மூலக்கூறு புரள வேண்டும். ஆடிக் காற்றில் குடை மறுபக்கம் மடங்குவது போல. எல்லா ஆசிரியரும் குடையைத்தான் சொல்கிறார்கள். நானும் வேறு உவமை தேடி அலுத்துவிட்டேன்.

ஒருவர் இடப்பக்கம் திரும்புங்கள். இப்போது ஒன்பது வலம், ஒன்று இடம். இடத்துக்காரர் ஒரு வலத்துக்காரரைக் கழித்துவிடுகிறார். மிச்சம்? எட்டு. ஒருவர் திரும்பினார், சுழற்சி இரண்டு குறைந்தது! இன்னொருவர் திரும்புங்கள். ஆறு. ஐந்து பேர் திரும்பியதும் சுழற்சி பூஜ்யம். பாதிப் பேருக்கு அயோடின் மாறியதுமே ஒளிசுழற்சி முழுக்கப் போய்விட்டது. புரளல் இல்லாமல் ஏனோதானோவென்று இருபக்கமும் தாக்கியிருந்தால்? பத்துப் பேரும் மாறிய பிறகுதான் ஐந்துக்கு ஐந்து வரும். திரும்பியவரே மறுபடி திரும்பலாம், அந்தக் கணக்கைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். அளந்து பார்த்தார்கள். ஒளிசுழற்சி மறையும் வேகம், அயோடின் மாறும் வேகத்தைப் போல இரண்டு மடங்கு. ஒவ்வோர் இடமாற்றமும் ஒரு புரளல். 1896இல் பால் வால்டன் முதன்முதலில் கண்டு சொன்ன புதிருக்கு நாற்பது ஆண்டு நெருங்குகையில் கிடைத்த விடை அது. நன்றி, உட்காருங்கள். ஐந்தாவது ஆள் மட்டும் இன்னும் எந்தப் பக்கம் பார்ப்பது என்று குழம்பி நிற்கிறார். பரவாயில்லை.

இதையெல்லாம் கற்பது எப்படி என்று கேட்பீர்கள். நான் கற்ற விதத்தைச் சொல்கிறேன். அந்த வாய்மொழித் தேர்வுக்குப் பிறகு சென்னை மூர் மார்க்கெட்டில் பீட்டர் சைக்ஸின் மெக்கானிசக் கையேட்டைப் பழைய புத்தகமாக வாங்கினேன். 1961இல் முதல் பதிப்பு கண்ட நூல். சின்னப் புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் யாரோ ஒரு முன்னாள் மாணவர் பென்சிலால் அம்பு வரைந்து, அழித்து, மறுபடி வரைந்திருந்தார். அச்சிட்டதைவிட அந்த அழித்த தடங்களில் நான் அதிகம் கற்றேன். எங்கே அவர் வாலைத் தவற விட்டார், எப்போது கண்டுகொண்டார் என்பதெல்லாம் தெரிந்தது.

பார்த்து எழுதுவதில் பயன் இல்லை. பத்து முறை பார்த்து எழுதியவன் கதைதான் கேட்டீர்களே. புத்தகத்தை மூடுங்கள். தொடக்கப் பொருளையும் இறுதிப் பொருளையும் மட்டும் தாளின் இரண்டு ஓரத்தில் எழுதுங்கள். எது உடைந்தது, எது உண்டானது என்று முதலில் குறியுங்கள். யாரிடம் எலக்ட்ரான் மிகுதி, யாருக்குப் பற்றாக்குறை என்று கேளுங்கள். கரைசல் அமிலமா, காரமா என்று பாருங்கள். காரக் கரைசலில் எச் பிளஸை ஓடவிட்டு எழுதிய விடைகளைத் திருத்தித் திருத்தியே என் சிவப்பு மை தீர்ந்தது. முட்டிக்கொண்டால் எழுந்து போய்விட வேண்டாம். முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. பிறகு எத்திலை ஐசோபுரோப்பைல் ஆக்கிப் பாருங்கள், வளையமாக்கிப் பாருங்கள். மனப்பாடம் அங்கே கைவிடும். வால் கைவிடாது. ஒரு நாளைக்கு ஒன்று போதும். வழிகாட்டி நூல்களில் நிரப்பித் தந்திருக்கும் அம்புகளுக்கு வண்ணப் பேனாவால் கோடிடுவதைப் படிப்பு என்று சொல்லாதீர்கள். அது கோலத்துக்குச் செம்மண் கட்டுவது.

இனி ஒன்று மட்டும் பாக்கி.

குளோரோ பென்சீன். பென்சீன் வளையத்தில் ஒரு குளோரின். திரவ அம்மோனியாவில் பொட்டாசியம் அமைடோடு சேர்த்தால் அனிலின் கிடைக்கிறது. பார்த்தவுடன் என்ன தோன்றுகிறது? அமைடு வந்தது, குளோரின் போனது. நேர்ப் பதிலீடு. இரண்டு வரி. முடிந்தது. 1953இல் ஜான் ராபர்ட்ஸும் குழுவினரும் குளோரின் இருந்த கார்பனைக் கதிரியக்கக் கார்பன்-14ஆக வைத்து இதைச் செய்தார்கள். அமினோ தொகுதி முழுவதும் அந்தக் கார்பனில்தானே இருக்க வேண்டும்? இல்லை. ஏறத்தாழப் பாதி அந்தக் கார்பனில் இருந்தது. மறுபாதி பக்கத்துக் கார்பனில் இருந்தது!

நேர்ப் பதிலீடு என்ற உங்கள் இரண்டு வரி போயிற்று. பாதி ஏன் பக்கத்து வீட்டுக்குப் போனது? அமைடு மிக வலிய காரம் என்பதை மறக்காதீர்கள். குளோரினுக்குப் பக்கத்துக் கார்பனில் ஒரு ஹைட்ரஜன் இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள். முதல் அம்பின் வால் அமைடின் சோடியில். அதில் ஐயமில்லை. தலை எங்கே?

எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மூன்றாவது வரிசையில் கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாயே, உன்னைத்தான் சொல்கிறேன், வாம்மா. சாக்பீஸ் மேசை மேல் இருக்கிறது. தவறாக வரைந்தால் அழிக்க டஸ்டரும் இருக்கிறது.